கொலைகாரனைச் சொல்லிவிடும் நாவல்கள்

என் கணவர் துபாய்க்குப் போனபோது என்னிடம் விட்டுப்போனது மாமியாரையும், இரண்டு டிரங்குப் பெட்டி நிறையத் துப்பறியும் நாவல்களையும்தான். மாமியாரை விற்க முடியாது. நாவல்களை விற்கலாம் என்று ஒரு மழைக்காலத்தில் தோன்றியது. மரக்காணத்து உப்புக்காற்றுக்கு இரும்பே தாங்காது, காகிதம் எம்மாத்திரம்? ஆனால் ஊரில் காசு கொடுத்து நாவல் வாங்குகிற ஆள் ஒருவர்தான் இருந்தார். அவர்தான் துபாய்க்குப் போய்விட்டாரே.

மெட்ராஸ் வாரப்பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கத்தில் வரி விளம்பரம் கொடுத்தேன். சொல்லுக்கு இவ்வளவு என்று காசு. அதனால் எழுதியதை வெட்டிக்கொண்டே வந்தேன். முதலில் ‘அருமையான’ போனது. பிறகு ‘நல்ல நிலையில் உள்ள’ போனது. கடைசியில் ‘பழைய’ என்பதையும் எடுத்தேன். ‘துப்பறியும் நாவல்கள், பாதி விலை, வி.பி.பி.’ என்பதும் விலாசமும்தான் மிஞ்சின. வி.பி.பி. என்றால், தபால்காரரிடம் பணம் கட்டிய பிறகுதான் பொட்டலம் கைக்கு வரும். பிரித்துப் பார்ப்பதெல்லாம் அதற்கப்புறம். எவ்வளவு நல்ல ஏற்பாடு என்று அப்போது நினைத்தேன்.

நாவல் கேட்டுக் கார்டுகள் வந்தன. முதல் பொட்டலத்தைக் கட்டித் தபால் நிலையத்துக்கு எடுத்துப்போனேன். புத்தகத் தபால் என்றால் கட்டணம் குறைவு, ஆனால் ஓரம் ஒட்டாமல் திறந்திருக்க வேண்டும். போஸ்ட் மாஸ்டர் அந்தத் திறப்பில் இரண்டு விரலை விட்டு, உள்ளே நான் வைத்திருந்த கடுதாசியை வெளியே இழுத்தார்.

“இது என்னம்மா?”

“நலமான்னு கேட்டு ரெண்டு வரி எழுதியிருக்கேன் சார்.”

“நலம் கேட்டா லெட்டர் ரேட்டு. கேக்கலைன்னா புக் ரேட்டு. எது வேணும்?”

நலம் கேட்பதை விட்டுவிட்டேன்.

அப்படியும் கட்டுப்படியாகவில்லை. பாதி விலைக்குத்தான் விற்கிறேன். அதில் ஸ்டாம்பு, பதிவுக் கட்டணம், பழுப்புத் தாள், சணல் என்று ஆளாளுக்கு ஒரு கடி கடித்தார்கள். வாங்குகிறவரும் தப்பவில்லை. பணம் எனக்கு மணியார்டராக வருவதால் அந்தக் கமிஷன் அவர் தலையில் விழுந்தது. சிலர் கமிஷனைக் கேட்டதும் வேண்டாம் என்று திருப்பிவிட்டார்கள். நான் பார்க்காத ஊர்களையெல்லாம் என் செலவில் பார்த்துவிட்டு நாவல்கள் வீடு திரும்பின.

ஒரு நாள் மதியம் லுஹர் தொழுகைக்குப் பாங்கு சொல்லி முடித்த நேரம், வானூரிலிருந்து ஒருவர் வந்து நின்றார். அரசு குமாஸ்தா. கையில் நான் அனுப்பிய நாவல்.

“புதுசுன்னு நெனச்சுக் காசு கட்டினேம்மா. பழசா இருந்தாலும் பரவாயில்ல. மொத பக்கத்துலயே எவனோ ‘கொலைகாரன் டாக்டர்’னு எழுதி வெச்சிருக்கான்.”

“எவனோ இல்லீங்க. எங்க வீட்டுக்காரரு.”

படித்த நாவலையே மறந்துபோய் மறுபடி படிக்காமலிருக்க அவர் செய்துகொண்ட ஏற்பாடு அது. நான் ஒரு நாவலையும் திறந்து பார்த்ததில்லை. வந்தவர் வேறு நாவல் கேட்டார். பெட்டியைத் திறந்துவிட்டேன். ஒன்றை எடுத்தார், கொலைகாரன் டிரைவர். அடுத்தது, தம்பி. அடுத்தது, வக்கீலும் வேலைக்காரியும் சேர்ந்து. ஒரு பெட்டி முடிவதற்குள் அவருக்கு எல்லாக் கொலையும் துலங்கிவிட்டது, படிப்பதற்கு எதுவும் மிஞ்சவில்லை.

“பாவம், பசியோட தேடுறாரு. சோறு போடு,” என்றார் மாமியார் உள்ளே திரைக்குப் பின்னாலிருந்து.

மீன்குழம்பு சாப்பிட்ட பிறகு, இரண்டாவது பெட்டியின் அடியில் எதுவுமே எழுதாத நாவல் ஒன்று கிடைத்தது. அதை மார்போடு அணைத்துக்கொண்டு போனார்.

அடுத்த வாரமே திரும்பி வந்துவிட்டார்.

“கடைசி எட்டுப் பக்கம் இல்லம்மா. உங்க வீட்டுக்காரருக்கு எழுதிக் கேளுங்க, யாருன்னு.”

“பக்கம் இருந்திருந்தா அவரு எழுதி வெச்சிருப்பாருங்க.”

அவர் முகம் வாடியதைப் பார்க்க எனக்கே கஷ்டமாகிவிட்டது. புத்தகத்தின் விலையைத் திருப்பிக் கொடுத்தேன். தபால் செலவைப் பற்றி அவரும் கேட்கவில்லை, நானும் வாயைத் திறக்கவில்லை. இரண்டு தடவை வந்துபோன பஸ் சார்ஜுக்கு அவர் புதுப் புத்தகமே வாங்கியிருக்கலாம். அதையும் நான் சொல்லவில்லை. விளம்பரத்தை அதோடு நிறுத்திவிட்டேன்.

அன்றும் சாப்பிடாமல் அனுப்ப மாமியார் விடவில்லை. சாப்பிட்டுக்கொண்டே குமாஸ்தா அந்த நாவலின் கதையை முதலிலிருந்து சொன்னார். “எனக்கென்னமோ சமையல்காரன் மேலதான் சந்தேகம்,” என்று முடித்தார்.

“சமையல்காரன் என்ன பண்ணுவான் பாவம்? செத்தவன் பொண்டாட்டியத்தான் பிடிச்சு விசாரிக்கணும்,” என்றார் மாமியார் திரைக்குப் பின்னாலிருந்து.

அவர் ஒத்துக்கொள்ளவில்லை. மாமியாரும் விடவில்லை. அவர் ஏற வேண்டிய வானூர் பஸ் ஹாரன் அடித்துக்கொண்டே தெருமுனையைக் கடந்து போய்விட்டது.