ரஞ்சி அக்கா பச்சையாக்கிய இடங்கள்

ரஞ்சி அக்கா காலமான செய்தி வந்தபோது நான் பாமசியில் ஒருவருக்குப் பிறஷர் மாத்திரை எண்ணிக்கொண்டிருந்தேன். தாயைப் பார்க்கக் கனடாவிலிருந்து வந்து ஆஸ்பத்திரியிலேயே நின்ற மகள் துளசிதான் அழைத்தாள். "வாணி அன்ரி, அம்மா போயிட்டா" என்றாள். நான் "சரி அம்மா" என்றேன். பிறகு எத்தனை மாத்திரை எண்ணினேன் என்பது மறந்துபோய், ஒன்றிலிருந்து திரும்பத் தொடங்கினேன். கடைக்கு வந்தவர்தான் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நான் பிறகு வாறன் மிஸ்" என்று போனார்.

முப்பத்தோராம் நாள் வெளியிட்ட நினைவு மலரில் நான் எழுதிய ஒரு பக்கத்தை நீங்கள் படித்திருப்பீர்கள். வெள்ளவத்தையில் எங்கள் மாடிக் குடியிருப்பில் இருந்தவர்களும், இரத்மலானைத் துணி ஆலையில் அவரோடு வேலை செய்தவர்களும் நன்றாக இருந்தது என்று சொன்னீர்கள். அதில் ஒரு சொல்லும் பொய்யில்லை. ஆனால் அது அச்சாகி என் கைக்கு வந்த பிறகுதான் எனக்குச் சில விஷயங்கள் தெரியவந்தன. ஆகவே இதை எழுதுகிறேன்.

ஆலையில் அவருடைய வேலை நிறம் பொருத்துவது. வாடிக்கையாளர் அனுப்பும் ஒரு துண்டுத் துணியைப் பார்த்து அதே நிறத்தைச் சாயத்தில் கொண்டுவர வேண்டும். ஓய்வுபெற்ற பிறகு அந்தக் கண் எங்கள் கட்டடத்துக்குப் பயன்பட்டது. இரண்டாம் மாடியில் வாடகைக்கு இருந்த ஓர் அம்மா, குளியலறைக்கு வைத்திருந்த ப்ளீச்சைக் கம்பளத்தில் கொட்டிவிட்டு அழுதுகொண்டு வந்தார். வீட்டுக்காரர் இலண்டனிலிருந்து வர இரண்டு கிழமைதான் இருந்தது. ரஞ்சி அக்கா முழங்காலில் நின்று முகர்ந்து பார்த்தார். "இது கறையில்லை. கறை எண்டா மேல இருக்கும், கழுவலாம். இது நிறம் போன இடம். என்ன நிறம் போனது எண்டு பார்த்து அதை மட்டும் குடுத்தாக் காணும்" என்றார்.

முதலில் தண்ணீர் ஒற்றி எடுத்தார். பிறகு ப்ளீச்சின் வேகத்தை முறிக்க ஏதோ உப்பைக் கரைத்துத் தடவி, திரும்பவும் கழுவி, காயவிட்டார். அதன் பிறகுதான் சாயம். சின்னத் தூரிகையால் துளித் துளியாக வைத்து, ஈரத்துணி போட்டு அயன் பண்ணும்போது எழும் ஆவியால் அதைப் பிடிக்க வைத்தார். அந்த அம்மா பயத்தோடு கேட்டார்: "அவர் குனிஞ்சு பார்த்தா என்ன செய்யிறது அக்கா?" ரஞ்சி அக்கா தலை நிமிரவில்லை. "குனிஞ்சு பார்க்கிற ஆக்களுக்கு நான் செய்யிறேல்லை. நிண்டு பார்க்கிற ஆக்களுக்குத்தான்."

இதை நாங்கள் எத்தனை முறை சொல்லிச் சிரித்திருப்போம்!

ஊரடங்குக் காலம் உங்களுக்கு நினைவிருக்கும். என் அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயது, நெஞ்சில் எப்போதும் சளி. நானோ நாள் முழுக்க நோயாளிகளுக்கு மருந்து கொடுப்பவள். வீட்டுக்கு நோயைக் கொண்டுபோய்விடக் கூடாது என்று பாமசிக்கு மேலே ஓர் அறையில் தங்கினேன். அம்மாவை எதிர்வீட்டு ரஞ்சி அக்கா பார்த்துக்கொண்டார். எங்கள் வாசலில் ப்ளீச் தண்ணீரில் நனைத்த சாக்கு ஒன்றைப் போட்டு, தானும் அதில் கால் ஒற்றிக் காயவிட்டுத்தான் உள்ளே போவார்.

ஒன்றரை மாதம் போனது. ஒருநாள் தாங்க முடியாமல், "வாசலில நிண்டு ஒருக்காப் பார்த்திட்டுப் போறன் அக்கா" என்று கேட்டேன்.

"நீர் வர வேண்டாம் வாணி. வந்தா நான் கதவு திறக்கமாட்டன்."

"அண்ணா வந்தாலும் விடாதேங்கோ."

"ஒருத்தரையும் விடன்."

அண்ணா கொட்டாஞ்சேனையில் இருக்கிறார். அங்கே ஒரு கத்தோலிக்கப் பெண்ணை மணந்தபோது அம்மா அவரோடு கதைப்பதை நிறுத்திவிட்டார். அப்போதைக்கு நான்கு வருடமாக அவர் எங்கள் வாசலுக்கு வந்ததில்லை. நான் கிழமைக்கு ஒருநாள் எங்கள் கட்டடத்துக்குக் கீழே ஒழுங்கையில் வந்து நின்று மேலே பார்ப்பேன். அம்மா பல்கனியில் கதிரை போட்டிருந்து கை காட்டுவார். அவ்வளவுதான். ஒரு விடிகாலையில் நித்திரையிலேயே அம்மா போய்விட்டார். நெஞ்சுதான் காரணம் என்றார்கள். முகத்தை நான் கிட்ட நின்று பார்த்தது பெட்டியில் வைத்த பிறகு.

மயானத்துக்கு அண்ணா வந்திருந்தார். எல்லோர் முன்னாலும் நான் அவரிடம் சொன்னேன்: "உயிரோட இருக்கேக்க வராத மகன் இப்ப ஆருக்குக் காட்ட வந்தனீங்கள்?" அவர் ஒன்றும் சொல்லவில்லை. என் பக்கத்தில் ரஞ்சி அக்கா நின்றார். என் கையைப் பிடித்திருந்தார். அவரும் ஒன்றும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்தபோது, வரவேற்பறையில் இருந்த பச்சைக் கம்பளத்தில் இரண்டு மஞ்சள் வட்டங்கள் கிடந்தன. "வாளி தட்டுப்பட்டு ப்ளீச் சிந்திப்போட்டுது. முக்கால்வாசி செய்து முடிச்சிட்டன். பச்சையில நீலம் போனா மஞ்சள்தான் மிஞ்சும்" என்றார் ரஞ்சி அக்கா. மிச்ச இரண்டு இடத்துக்கும் நானே அயன் பிடித்துக் கொடுத்தேன். முடிந்ததும் சொன்னார்: "இதுக்குக் கம்பளம் கழுவுற மிசின் மட்டும் போட்டிடாதையும். ஈரத்துணியால துடைச்சாக் காணும்." தொழில் தெரிந்தவரின் புத்திமதி என்று எடுத்துக்கொண்டு, ஐந்து வருடம் அப்படியே செய்தேன்.

அந்த ஐந்து வருடமும் நான் பின்னேரத் தேநீரை அவரோடுதான் குடித்தேன். என் மனதில் ஒரே ஒரு விஷயம்தான் இருந்தது. அம்மா ஒரு பிள்ளையின் முகத்தையும் கிட்டப் பார்க்காமல், ஒரு பிள்ளையின் கையும் தன்மேல் படாமல் போனார் என்பதுதான் அது. அதைச் சொல்லி அவர் முன்னால் எத்தனை தரம் அழுதிருப்பேன் என்று எனக்குத் தெரியாது. அவர் எழுந்து வந்து முதுகைத் தடவுவார். "விடும் பிள்ளை, விடும்" என்பார்.

ரஞ்சி அக்காவின் முப்பத்தோராம் நாள் சாப்பாட்டுக்கு அவருடைய வீட்டில் இடம் போதாமல் பாதிப் பேர் என் வீட்டில் இருந்தார்கள். யாரோ சொதியைக் கம்பளத்தில் ஊற்றிவிட்டார்கள். மறுநாள் கம்பளம் கழுவுகிற ஒருவரை மிசினோடு கூப்பிட்டேன். கொஞ்ச நேரத்தில் அவர் நிறுத்திவிட்டு, "நோனா, மேக்கே பாட்ட யனவா" என்றார் சிங்களத்தில், இதில் நிறம் போகிறது என்று. மிசின் உறிஞ்சிய தண்ணீர் நீலமாக இருந்தது.

காய்ந்ததும் தெரிந்தது. கதவிலிருந்து அம்மாவின் கட்டில் இருந்த இடம் வரை ஏழு பாதங்கள். காற்றுக்காக அந்த நாட்களில் அம்மாவின் கட்டிலை வரவேற்பறை யன்னலோரம் போட்டிருந்தோம். வாசல் சாக்கில் ஒற்றிய கால் காய முன் உள்ளே போன பாதங்கள் மட்டும்தான் இருந்தன. திரும்பி வரும்போது ஈரம் காய்ந்திருக்கும். பெரிய ஆண் பாதம். இடது பாதத்தில் பெருவிரல் இல்லை. சீனி நோயில் அண்ணாவுக்கு எடுத்த விரல் அது.

நான் பார்த்த மஞ்சள் வட்டங்கள் சிந்திய இடங்களே அல்ல. விரல்களுக்கு முதலில் நீலம் கொடுத்து, பாதத்தின் வடிவத்தை அழித்துவிட்டு, மிச்சத்தை எனக்குக் காட்டியிருக்கிறார். அதை மூட என் கையையே பிடித்திருக்கிறார்.

அண்ணாவுக்கு அழைத்தேன். ஐந்து வருடத்தில் முதல் தடவை.

"அம்மாவிட்ட வந்தனீங்களோ?"

"ரஞ்சி அக்கா சொல்லிப்போட்டாவோ?"

"இல்லை. நீங்கள் சொல்லுங்கோ."

"அம்மாதான் கேட்டவவாம். ரஞ்சி அக்கா போன் அடிச்சவ. ஊரடங்குக்குச் சாமான் லொறிக்குக் குடுத்த பாசில வந்தனான். பத்து நிமிசம்தான். அம்மா கையைப் பிடிச்சுக்கொண்டு, மெலிஞ்சு போனாயெண்டு பேசினவ."

"மயானத்தில நான் அப்படிக் கேட்கேக்க ஏன் வாய் திறக்கேல்லை?"

"உன்னை விடாமல் என்னை விட்டதை உடனை கேட்டா நீ தாங்கமாட்டாயெண்டு அவ சொன்னவ. தானே ஆறுதலாச் சொல்லுறன் எண்டவ." பிறகு சொன்னார், "நீ போன் எடுப்பாயெண்டு நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தனான், வாணி."

ரஞ்சி அக்கா அண்ணாவை உள்ளே விட்டது எனக்குக் கோபமில்லை என்று சொன்னால் பொய். ஆனால் யோசித்துப் பார்க்கிறேன். அன்று அவர் இடத்தில் நான் இருந்திருந்தால், நோயாளிகளோடு நிற்கிற மகளை விட்டிருக்கமாட்டேன். எழுபத்தெட்டு வயதுத் தாய் கேட்ட மகனை விட்டிருக்கக்கூடும். அந்தப் பத்து நிமிடத்தை என்னால் மன்னிக்க முடியும். அதற்குப் பின் வந்த பின்னேரங்களை முடியவில்லை. "உன்ர அண்ணா வந்தவர், அம்மா கையைப் பிடிச்சவர்." இவ்வளவுதான் சொல்ல வேண்டியிருந்தது. தேநீர் ஆற முன் சொல்லி முடிக்கலாம். எனக்குக் கோபம் வந்திருக்கும்; ஒரு மாதம் அவரோடு கதைக்காமல் இருந்திருப்பேன். அந்த ஒரு மாதத்துக்குப் பயந்து என் ஐந்து வருடத்தை எடுத்துக்கொண்டார். அண்ணாவுடையதையும்.

கனடாவுக்குத் திரும்ப முன் துளசி தாயின் சாயப் போத்தல்களைக் கொண்டுவந்தாள். கம்பளத்தைப் பார்த்துவிட்டு, "ஆரையும் பிடிச்சு இதைச் சரியாக்கலாம் அன்ரி, பச்சையும் நீலமும் இருக்கு" என்றாள். போத்தல்களை வேண்டாம் என்று அவளிடமே கொடுத்துவிட்டேன்.

அண்ணாவும் அண்ணியும் போன ஞாயிறு வந்தார்கள். அண்ணா அந்தப் பாதங்களை மிதிக்காமல் சுவரோரமாகச் சுற்றி வந்து கதிரையில் இருந்தார்.

ரஞ்சி அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது இந்த ஏழு மஞ்சள் பாதங்களைத்தான். அம்மாவிடம் ஒரு பிள்ளை போய்ச் சேர்ந்தது என்பதற்கு என்னிடம் இருக்கிற சாட்சி இது. அந்தப் பிள்ளைக்குக் கதவு திறந்தவர் அவர். அதற்கு நன்றி சொல்லத்தான் இதை எழுதத் தொடங்கினேன். இன்னும் வாய் வரவில்லை.