வேக்குவம் சீலர் வாங்கி, மிளகுக் கறியோடு தேவதானம் போன கதை

டென்ட் போடப் போகும்போது சாப்பாடு கெடாமல் கொண்டுபோக வேக்குவம் சீலர் வாங்கலாமா என்று பலர் கேட்டிருந்தீர்கள். வாங்கலாம். ஆனால் நான் வாங்கின லட்சணத்தில் வாங்காதீர்கள். போன சித்திரையில் ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூர் போய் மெஷின் வாங்கி, அங்கிருந்து தேவதானம் மாந்தோப்புக்குப் போய் ஒரு ராத்திரி தங்கி வந்தோம். சொல்லிக்கொள்ளும்படியான பயணம் இல்லை. மனசு ஆறாததால்தான் எழுதுகிறேன்.

கூட வந்தவன் சாகுல். சத்திரப்பட்டிப் பக்கம் ஒரு பேண்டேஜ் கம்பெனியில் நானும் அவனும் ஒரே பேக்கிங் செக்‌ஷனில் வருடக்கணக்காக நின்றவர்கள். திங்கட்கிழமை சாயங்காலம் அவன் சவுதிக்குக் கிளம்ப வேண்டும், டிரைவர் வேலை. திரும்பி வர இரண்டு வருடமாகும். அதற்கு முன்னால் நாங்கள் இரண்டு பேரும் தோப்பில் ஒரு ராத்திரி கிடப்பது, அவன் மனைவி ரஹிமா வைக்கும் மிளகுக் கறியை அங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, இவ்வளவுதான் திட்டம். ஞாயிற்றுக்கிழமையிலிருந்து வீட்டில் சொந்தக்காரர்கள் நிறைந்துவிடுவார்கள், பிரியாணி போடப் பண்டாரி வருவார், தனக்கு அடுப்படியே கிடைக்காது என்று ரஹிமா சனிக்கிழமையே கறி வைப்பதாகச் சொல்லியிருந்தாள்.

சனிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு ராஜபாளையத்திலிருந்து பைக்கில் கிளம்பினேன். பன்னிரண்டு கிலோமீட்டர், அரை மணி நேரம். ஸ்ரீவில்லிபுத்தூர் கடைவீதியில் மிக்சி, கிரைண்டர் விற்கிற கடை ஒன்றில் மூன்று மாதிரி வைத்திருந்தார்கள். முதலாவது கையில் பிடிக்கிற சின்ன பம்ப், போன் சார்ஜரிலேயே சார்ஜ் ஏறும், 1,400 ரூபாய். அதற்கென்று வால்வு வைத்த ஜிப் பைகள் வரும். இரண்டாவது மேஜையில் வைக்கிற சாதா மெஷின், 2,650. மூன்றாவதும் மேஜை மெஷின்தான், ஆனால் ஈரமான சாப்பாட்டுக்கு மெதுவாக உறிஞ்சுகிற தனி பட்டனும், வழிகிற குழம்பைப் பிடிக்க ஒரு தட்டும் உண்டு. அது 4,800.

"என்ன வைக்கப் போறீய? குழம்பு கிழம்புன்னா இந்தப் பெருசுதான் தோதுப்படும்னு கம்பெனிக்காரங்க சொல்லுதாங்க" என்றார் கடைக்காரர் பாய்.

"நான் பார்க்காத சீலிங் மெஷினா பாய். பேண்டேஜ் கம்பெனில அதுதான் வேலை" என்றேன் நான். என்ன திமிரு பாருங்கள். பேண்டேஜ் துணியைப் பையில் போட்டு ஓரத்தில் சீல் ஓட்டுவேன். சீல் நேராக விழுந்துவிட்டால் அந்தப் பொட்டலம் வருடக்கணக்கில் ரேக்கில் கிடந்தாலும் ஒன்றும் ஆகாது. அந்த நினைப்பில் சாதா மெஷினைத் தூக்கிக்கொண்டேன். பை ரோல் தனியாக 450. பாய் பில் போடும்போது மறுபடி ஒருமுறை பெரிய மெஷினைப் பார்த்தார்.

அதே ஊரில் இருக்கிற சாகுல் வீட்டுக்குப் போகும்போது ரஹிமா கறி வாங்கிக் கழுவிக்கொண்டிருந்தாள். எலும்பு பையைக் குத்திவிடும், அதனால் எலும்பில்லாமல் வையுங்கள் என்று முந்தின நாளே சொல்லியிருந்தேன்.

"எலும்பில்லாம என்ன கறிண்ணே? அவிய நல்லியத்தான மொதல்ல தேடுவாவ" என்றாள்.

"ஒரு தடவை பொறுத்துக்கட்டும் தங்கச்சி."

சாகுல் உள்ளேயிருந்து, "மெஷினுக்குப் பல்லு கெடையாது போல, விடு" என்றான். எல்லோரும் சிரித்தோம்.

மூன்று மணிக்குக் கிளம்பினால்தான் வெளிச்சத்தில் டென்ட் அடிக்க முடியும். நான் அடுப்படி வாசலில் நின்று ஆச்சா, ஆச்சா என்று நச்சரித்துக்கொண்டே இருந்தேன். கறி இறங்கியபோது வாசம் தெருவரைக்கும் போயிருக்கும். ரஹிமா இரண்டு தட்டை எடுத்து வைத்தாள்.

"சூடா இருக்குண்ணே. ரெண்டு பேரும் ஒரு வாய் சாப்ட்டுட்டுப் போங்க."

சாகுல் உட்கார்ந்துவிட்டான். நான்தான் தடுத்தேன். "இப்ப தின்னா பொறவு அங்க எதுக்கு? சீலைப் பிரிச்சா நாளைக்கும் இதே ருசி இருக்கும். நான் எழுதுறதுக்கு அதுதானடா சோதனை" என்றேன். அவன் தட்டைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், எழுந்துவிட்டான். என் பேச்சைத் தட்ட மாட்டான், அவன் சுபாவம் அப்படி.

சீல் போட ஆரம்பித்ததும் மெஷின் தன் குணத்தைக் காட்டியது. காற்றோடு சேர்த்து எண்ணெயையும் மசாலாவையும் பையின் வாய்க்கு உறிஞ்சிக்கொண்டு வந்தது. சீல் விழ வேண்டிய இடத்தில் பிசுக்கு. துடைத்துத் துடைத்து மூன்று தடவை ஓட்டினேன், விரலில் ஒட்டினதை நக்கிக்கொண்டேன். கறி ஆறவும் இல்லை, பைக்குள் ஆவி கட்டியிருந்தது. வழியில் தின்ன வாங்கியிருந்த கால் கிலோ பால்கோவாவையும் விடவில்லை. அது அமுங்கி அப்பளம்போல் ஆனது. ஒருவழியாக நான்கு பொட்டலம் கறி. ரஹிமா ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"சீல் போட்டாச்சுல்ல, ஐஸ் எதுக்கு தங்கச்சி" என்றேன். பைக்கில் இடமும் இல்லை. சட்டியை வழித்து மொத்தத்தையும் எங்களுக்கே கட்டிக் கொடுத்துவிட்டாள். அவளுக்கும் மகளுக்கும் எலும்பு ரசம்தான்.

ராஜபாளையம் வழியாகத் தேவதானம் சுமார் இருபத்தெட்டு கிலோமீட்டர். இடையில் சேத்தூரில் நிறுத்தி ராத்திரிக்குப் பரோட்டா வாங்கினோம், இரண்டு பேருக்கு 160 ரூபாய். போக நினைப்பவர்களுக்கு ஒன்று: மலை அடிவாரக் காட்டுக்குள் டென்ட் போட அனுமதி கிடையாது. தெரிந்தவர் தோப்பாக இருந்தால் மட்டும் போங்கள். எங்களுக்குக் கம்பெனி சூப்பர்வைசரின் தோப்பு. காவலுக்கு இருக்கிற செல்லையா அண்ணாச்சி, மாமரத்தடியில் டென்ட் அடித்தால் காய் விழுந்து கிழியும் என்று கிணற்று மேட்டில் இடம் காட்டினார்.

அந்த ராத்திரி நன்றாகவே இருந்தது, அதையும் சொல்லிவிட வேண்டும். பரோட்டாவைத் தின்றுவிட்டு, தட்டையான பால்கோவாவைக் கிள்ளிக் கிள்ளித் தின்றுகொண்டு படுத்திருந்தோம். சாகுல் ஒருமுறை, "ஒரு பொட்டலத்தப் பிரிப்பமாலே மாப்ள?" என்று கேட்டான். நாளை மதியம் சோறு வடித்துச் சாப்பிடலாம், ஒரு நாள் தாங்குகிறதா என்று பார்க்க வேண்டும் என்றேன். அவன் சரி என்று புரண்டு படுத்தான்.

ஞாயிறு காலையிலிருந்தே வெயில். கிணற்றில் குளித்து, கல் கூட்டி, சோறு வடித்து, மதியம் ஒரு மணிக்குப் பையைத் திறந்தேன். நான்கு பொட்டலமும் பூரியாக உப்பிக் கிடந்தன. ஒன்றைக் கத்தியால் கீறினேன். புஸ்ஸென்று வந்த புளித்த வாடையில் தலையைத் திருப்பிக்கொண்டேன். மற்ற மூன்றும் அதே கதைதான்.

சாகுல் பொட்டலத்தைக் கையில் வாங்கித் திருப்பிப் பார்த்தான். "நல்லா கொதிக்க வச்சா போயிராதா?" என்றான். திங்கட்கிழமை பயணம் வைத்திருக்கிறவன் கேட்கிற கேள்வியா? கெட்ட கறியைக் கொதிக்க வைத்தாலும் அதிலுள்ள விஷம் முழுக்கப் போகாது. வேண்டாம் என்று பிடுங்கிக்கொண்டேன். அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தேன்.

செல்லையா அண்ணாச்சி பார்த்துவிட்டு, "நாய்க்கும் போட்றாதீய, அதுக்கும் வயிறுதான்" என்று மண்வெட்டியைக் கொடுத்தார். குழி தோண்டிப் புதைத்தோம். வெறும் சோற்றில் அவர் கொடுத்த மோரை ஊற்றிச் சாப்பிட்டோம். அப்போதுதான் எனக்கு உறைத்தது. கம்பெனியில் நான் சீல் ஓட்டினதும் பொட்டலம் நேராக நீராவிப் பெட்டிக்குப் போகும், அங்கேதான் கிருமி சாகும். அது பக்கத்து ஷெட், எனக்கு அங்கே வேலை இல்லை. இத்தனை வருடமும் என் சீல்தான் துணியைக் காப்பாற்றுகிறது என்று நினைத்துக்கொண்டு திரிந்திருக்கிறேன்.

சாயங்காலம் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தபோது வீடு முழுக்க ஆட்கள். ரஹிமா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

"கறி எப்டிண்ணே இருந்துச்சு?"

நான் வாயைத் திறப்பதற்குள் சாகுல் முந்திக்கொண்டான். "நல்லா இருந்துச்சு. உப்பு மட்டும் லேசா கம்மி." குறை ஒன்று சொன்னால்தான் நம்புவாள் என்று அவனுக்குத் தெரியும்.

அவள் முகம் விழுந்துவிட்டது. "நெனச்சேன். அண்ணன் அவசரப்படுத்துனாவன்னு ருசி பாக்காமலே எறக்கிட்டேன்" என்றாள். நான் செருப்பைக் கழற்றுவதுபோல் குனிந்துகொண்டேன்.

மறுநாள் சாகுல் திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்குக் கார் ஏறும்போதும் அவள் அதை விடவில்லை. "திரும்பி வாங்க, உப்பு சரியாப் போட்டு வச்சுத் தாரேன்" என்றாள். அவன் சிரித்துக்கொண்டே ஏறினான். அவனை ஒருமுறைகூட நேருக்கு நேராகப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இனி வாங்கப் போகிறவர்களுக்கு. குழம்பு, கறி வகையறாவுக்கு ஈரப் பட்டனும் தட்டும் உள்ள மெஷினையே வாங்குங்கள், 2,150 ரூபாய் மிச்சம் பிடித்து நான் கண்டது ஒன்றுமில்லை. குழம்பை ஆறவைத்து, பிரீசரில் கட்டியாக்கி, அதற்குப் பிறகு சீல் போட்டால் பிசுக்கு ஏறாது. கைப் பம்ப் இரண்டு நாள் முகாமுக்கு, உலர்ந்த சாமானுக்குப் போதும். பருப்புப் பொடி, காபித்தூள், தீப்பெட்டி, மாற்றுத் துணி எல்லாம் சாதா மெஷினில் அருமையாக நிற்கும், என் மெஷின் இப்போது அதற்குத்தான் ஆகிறது. ஆனால் சமைத்த கறி என்றால் எந்த மெஷினில் சீல் போட்டாலும் ஐஸ் பெட்டி கட்டாயம். காற்றை எடுத்துவிட்டால் கெடாது என்பது பொய், காற்றில்லாத இடத்தில் வளர்கிற கிருமியும் உண்டு. பொட்டலம் உப்பியிருந்தால் வாயில் வைத்துப் பார்க்கவே கூடாது. இதையெல்லாம் விட முக்கியம், யாராவது தட்டு வைத்து ஒரு வாய் சாப்பிட்டுப் போகச் சொன்னால் உட்கார்ந்துவிடுங்கள்.

நான் எழுதுவதை ரஹிமாவின் மகள் போனில் அம்மாவுக்கு வாசித்துக் காட்டுவாள் என்று தெரியும். சாகுல் அங்கிருந்து கூப்பிட்டுத் திட்டுவான், திட்டட்டும். தங்கச்சி, அந்தக் கறியில் ஒரு துண்டுகூட அவன் சாப்பிடவில்லை. சீல் போடும்போது விரலில் ஒட்டினதை நக்கின நான் மட்டும்தான் அதை ருசி பார்த்தேன். உப்பு சரியாக இருந்தது.