கடைசிப் பாட்டை வெட்ட மாட்டேன்

களிற்று முகத்துக் கடவுளே, எழுதும் கை நடுங்கினாலும் சொல் நடுங்காதிருக்க அருள்வாயாக. நரம்பிலும் தோலிலும் துளையிலும் ஒலியாய் உறையும் கலைமகளே, நீ வீணையில் மட்டுமே குடியிருப்பதாகச் சொல்வோரைப் பொருட்படுத்தாமல் என் பேஸ் கிதாரிலும் வந்து அமர்ந்தாய். உனக்கு என் வணக்கம்.

இன்று தை மாதத்து வளர்பிறைப் பஞ்சமி. இந்த ஊரார் மஞ்சள் உடுத்திக் கலைமகளைத் தொழும் நாள். இதை எழுத இதைவிட நல்ல நாள் எனக்கு வேண்டாம்.

நான் மாதுங்காவில் வாழும் சைவன். நீராடி, நீறு பூசி, ஒரு பதிகமேனும் ஓதாமல் காப்பி குடித்ததில்லை. அலுவலகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். இளமை முதல் ஓர் ஆசிட் ஜாஸ் குழுவில் பேஸ் கிதார் வாசித்தும் வருகிறேன். இரண்டையும் ஒரே மூச்சில் சொன்னால் கேட்பவர் முகம் மாறும். மாறட்டும்.

பல சுரங்கள் ஒருசேர ஒலிக்கும் ஜாஸின் செறிந்த சுரக்கூட்டங்களை, கால் சும்மா இராத தாளத்தின்மேல் அடுக்கும் இசை அது. அதில் பேஸ் கிதார் பின்னால் ஒளிந்து நிற்பதில்லை. பாட்டையே இழுத்துக்கொண்டு முன்னே ஓடும். நாங்கள் நால்வர். செம்பூரில் பள்ளி ஆசிரியையாக இருந்து, ஞாயிறுதோறும் தேவாலயத்தில் ஆர்கன் வாசித்த டீச்சர் எங்கள் கீபோர்டு. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறை வைத்திருக்கும் பாய் டிரம்ஸ். குர்லாவில் கல்யாண ஊர்வலங்களுக்கு ஊதிக்கொண்டிருந்தவர் சாக்ஸபோன். அவருடைய ஊதலில் மாப்பிள்ளைக் குதிரையின் நடை கடைசிவரை போகவில்லை. போக நாங்களும் விடவில்லை.

தொடக்க ஆண்டுகளில் எங்கள் ஒலி தடித்தும் வேகமாகவும் இருந்தது. ஓட்டல்களில் வாசித்தோம், ஆடினார்கள். பிறகு கணினியில் தாளம் செய்யும் காலம் வந்தது. இசைத்தட்டைச் சுழற்றுகிறவர் ஒருவர் எங்களோடு சேர்ந்தார். டிரம்ஸை மெஷின் போல, ஏற்ற இறக்கம் இல்லாமல் அடிக்கச் சொன்னார்.

"மெஷின் மாதிரி அடிக்கணும்னா மெஷினயே வாங்கிக்கிடுங்க. எனக்குப் பட்டறையில சோலி கெடக்கு" என்று பாய் எழுந்து போனார். நாங்கள் மெஷினையே வாங்கினோம். அந்த ஆண்டுகளில் எங்கள் இசை கழுவிய கண்ணாடிபோல் சுத்தமாக இருந்தது. உள்ளே ஒருவரும் இல்லை. சுழற்றுகிறவர் வேறு குழுவுக்குப் போன மறுநாளே, மூவரும் தாராவிக்குப் போய் பாயை மறுபடி அழைத்தோம். அவர் தையல் மெஷின்களை ஒதுக்கிவிட்டுப் பட்டறையிலேயே டிரம்ஸைப் போட்டார். பிற்பகல்களில் அங்கே கூடினோம். அவர் அஸர் தொழுகைக்குப் போகும்போது ஒலிபெருக்கியை அணைத்து வைப்போம்.

அப்படி ஒரு பிற்பகலில்தான் அது நிகழ்ந்தது. பாய் தொழுதுவிட்டு வந்து மெல்லத் தாளத்தைத் தொடங்கினார். நான் கம்பியை மீட்டியபடி, என்னையறியாமல், காலையில் ஓதிய பதிகத்தை வாய்விட்டுப் பாடிவிட்டேன். டீச்சர் சுரக்கூட்டம் தேடினார். மாற்ற மாற்றப் பண் உடைந்தது. கடைசியில் நான் பேஸில் தம்பூராவைப்போல் ஆதார சுருதியையும் பஞ்சமத்தையும் பிடித்து நின்றேன். அதற்குமேல் அவர் விருப்பம்போல் நடந்தார். முப்பது வயதில் நான் முன்னே ஓடியவன், இப்போது நின்றேன். பாட்டு என்னைச் சுற்றி நடந்தது. எங்கள் ஒலி மாறிய இடம் அதுதான்.

"அண்ணாச்சி, இதுக்குப் பேரு ஆசிட்டா, திருநீறா?" என்றார் டீச்சர்.

"ரெண்டும் எரிச்சுத்தான் வருது டீச்சர்" என்றார் பாய்.

இதைக் கேள்விப்பட்டு ஓர் இசைப்பதிவு நிறுவனத்திலிருந்து ஒரு தம்பி பட்டறைக்கு வந்தார். கண்ணை மூடிக் கேட்டார். பிறகு சொன்னார்: "அங்கிள், மஸ்த் ஹை, சூப்பரா இருக்கு. ஆனா இவ்ளோ நீளம் யாரும் கேக்க மாட்டாங்க. நாலு வெர்ஸ் போதும். கடைசில அப்படியே சத்தத்தக் கொறச்சு ஃபேட் அவுட் பண்ணிரலாம்."

பதிகத்தின் கடைசிப் பாட்டு ஏனைய பாட்டுகளைப் போன்றதன்று. பாடியவர் தம் பெயரைச் சொல்லி, ஓதுவோர் அடையும் நன்மையை உரைக்கும் பாட்டு அது. எங்கள் வெள்ளிக்கிழமை ஓதும் குழுவில் அதற்கு மட்டும் எல்லோரும் எழுந்து, தலைக்குமேல் கைகூப்பி நிற்போம். அதைப் பாடாமல் நிறுத்துவது, விருந்தினரைப் பந்தியில் அமர்த்திவிட்டுச் சோறு வருமுன் இலையை எடுப்பதற்குச் சமம்.

நான் வாய் திறக்குமுன் பாய் கேட்டார்: "தம்பி, உங்க வீட்ல பிரியாணிய தம் போடாமலா எறக்குவாங்க?"

"அங்கிள், அது வேற, இது மார்க்கெட்."

"அப்ப மார்க்கெட்ல வேற கடையப் பாருங்க" என்றேன். அவர் போய்விட்டார். எங்களைத் தேடி வந்த ஒரே நிறுவனம் அது. ஒருவரும் வருந்தவில்லை என்று எழுதினால் பொய்யாகும். சாக்ஸபோன்காரர் அன்று தேநீரைத் தொடவில்லை. ஆனால் பதிகத்தைச் சுருக்கலாமே என்று அவரும் சொல்லவில்லை.

நாங்களே செம்பூரில் ஓர் அரங்கம் பிடித்தோம். செய்தி மாதுங்காவுக்கு வந்தது. ஓதும் குழுவில் முன்வரிசையில் அமர்ந்து முதலடி எடுத்துக்கொடுப்பது என் பணி. அந்த இடம் எனக்கு எவ்வளவு பெரிதென்று என் வீட்டாருக்குக்கூட நான் விளக்கியதில்லை. குழுவின் செயலாளர் கோயில் வாசலில் என்னை நிறுத்தினார்.

"ஓய், சாமி சந்நிதியில பாடற வாயால அங்க போய் டிரம்ஸோட பாடுவீரா?"

"அதே வாய்தான். வேற வாய் எனக்கு இல்ல."

"பாடினா, வெள்ளிக்கிழமை முன்வரிசைல ஒக்காராதேயும். அந்த டிரம்ஸ்காராள்ளாம் எப்படியும் பாதில நிறுத்திடுவா. கடைசிப் பாட்டே இருக்காது. பாக்கத்தானே போறேன்."

"வாங்க. முன்னாலயே எடம் போட்டு வைக்கேன்" என்றேன்.

சொன்னபடி வந்தார், குழுவினர் இருவரையும் அழைத்து வந்தார். முன்னால் போட்ட இடத்தை விட்டு, மூன்றாம் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு அமர்ந்தார். பதிகம் நிதானமாக விரிந்தது. டீச்சரின் சுரங்கள் மழைக்கு முந்திய மேகம்போல் திரண்டன. குர்லாக்காரரின் குதிரை மெதுவாக நடந்தது. கடைசிப் பாட்டுக்கு முன்பு, நாங்கள் அமைத்திருந்தபடி, எல்லாம் அடங்கின. என் பேஸ் மட்டும் முனகிற்று. முடிந்துவிட்டதென்று எண்ணி அரங்கம் கைதட்டியது. செயலாளர் தம் நண்பர்களைத் திரும்பிப் பார்த்தார்; "சொன்னேனா" என்ற முகம்.

நான் கைதட்டல் ஓயக் காத்திருக்கவில்லை. அதன் நடுவிலேயே கடைசிப் பாட்டை எடுத்தேன்.

செயலாளர் எழுந்தார். இரு கைகளும் தலைக்குமேல் குவிந்தன. அவருடைய நண்பர்களும் எழுந்தார்கள். பின்னாலிருந்து ஓர் இளைஞன், "அங்கிள், பைட்டியே, உக்காருங்க, ஒண்ணுமே தெரியல" என்றான். அவர் அமரவில்லை. இந்த இசைக்கு இதுதான் முறைபோலும் என்று அந்த வரிசையும், அதற்குப் பின்னிருந்த வரிசைகளும் எழுந்தன. பாய் தாளத்தைப் பூப்போல் எடுத்து வைத்தார். ஓர் அடியும் குறையாமல் பாடி முடித்தேன்.

"ஒங்க செகரட்டரி எந்திரிச்சதும் சண்டைக்குத்தான் வாராருன்னு நெனச்சு குச்சிய இறுக்கிப் புடிச்சேன் அண்ணாச்சி" என்றார் பாய் பிறகு.

வாசலில் செயலாளர் என்னிடம் வந்தார். "ஓய், ஒம்மப் பாராட்ட நான் எழுந்துக்கல. கால் பழக்கத்துல எழுந்துடுத்து."

"காலாவது ஒத்துக்கிட்டுதே" என்றேன்.

வெள்ளிக்கிழமை நான் யாரையும் கேட்கவில்லை. வழக்கம்போல் போய், முன்வரிசையில் என் இடத்தில் அமர்ந்தேன். செயலாளர் நெடுநேரம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்தார்.

"முதலடி நீர் எடும். கடைசிப் பாட்டு இன்னிக்கு நான் பாடறேன்" என்றார்.

"பாடுங்க. ஆனா முழுசாப் பாடணும்."

பாடினார். சுருதி சற்றே விலகியது. நான் எழுந்து கைகூப்பி நின்றேன்.

இதைக் கடைசி வரிவரை படித்தவர்களே, பாதியில் எழுந்து போகாத உங்களுக்குச் சொல்கிறேன்: நீங்கள் தொடங்கியது எதுவும் அரைகுறையாய் நில்லாதிருக்கட்டும். உங்கள் வீட்டில் பாட்டு ஓயாதிருக்கட்டும். எந்த இறைவனை எந்தத் தாளத்தில் அழைத்தாலும் அவன் வந்து செவி சாய்க்கட்டும். வாழ்க நீவிர்.