பத்தடி பின்னால்

பேக்கரி கேமராவின் பதிவில் ஓஸ்வால்ட் சுவரில் கை வைத்து நின்றார். பிறகு சரிந்தார். அவருடைய மகள் லீனா பார்த்தது அவரை அல்ல. பத்தடி பின்னால் நின்ற ரெமிஜியஸை. அப்பாவோடு ஒரே தொழிற்சாலையில் வேலை பார்த்தவர், பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் அதே தெருக்காரர். அப்பா சுவரைப் பிடித்ததுமே அவரும் நின்றுவிட்டார். சரிந்த பிறகுதான் ஓடி வந்தார்.

“நான் அந்தப் பக்கமா வந்துட்டிருந்தேன்மா, அவர் விழுந்துட்டார்.” அடக்கத்தன்று ரெமிஜியஸ் அப்படித்தான் சொன்னார். ஏழாம் நாளும் ஒரு சொல் மாறாமல் அதையே சொன்னார். எலெக்ட்ரானிக் சிட்டியில் மென்பொருளைச் சோதிப்பது லீனாவின் வேலை. எப்படிக் கேட்டாலும் ஒரே பதில் தரும் எதையும் அவள் நம்பியதில்லை.

“தினமும் உங்கப்பா பின்னாடியேதான் வருவாரு அக்கா,” என்றான் பேக்கரிக்கார சுஹாஸ். “சேந்து நடந்து பாத்ததே இல்ல. என்ன இது, சிஐடி வேலையான்னு நெனச்சேன்.” மிச்சமிருந்த பழைய பதிவுகளையும் அவள் போனுக்கு அனுப்பினான்.

ஞாயிற்றுக்கிழமை முப்பதாம் நாள் பூசை. அதில் பைபிள் வாசகம் வாசிக்கட்டுமா என்று ரெமிஜியஸ் கேட்டிருந்தார். லீனா பதில் சொல்லவில்லை. அப்பாவைச் சாக விட்டவரா பீடத்தில் ஏறி நிற்பது?

பகை இருக்கவும் காரணம் உண்டு. ஓஸ்வால்ட் இருந்தது மெத்தட்ஸ் பிரிவில். ஒரு வேலையை எந்த வரிசையில், எத்தனை அசைவில் முடிப்பது என்று ஸ்டாப்வாட்ச்சோடு நின்று வகுப்பவர்கள். அவர் வந்தாலே ஆட்கள் வேண்டுமென்றே கையை மெதுவாக்குவார்கள். அவர் வகுத்த முறையால்தான் ரெமிஜியஸ் தன் லேத் மெஷினை விட்டு வேறு பிரிவுக்குப் போனார்.

வீட்டில் துணி காயப்போடவும் அப்பாவிடம் ஒரு மெத்தட் உண்டு.

“அம்மாவை எந்த மெத்தட்ல டாடி கட்டினீங்க?” என்று ஒருமுறை லீனா கேட்டாள்.

“மெத்தட் இல்லாமப் பண்ணது அது ஒண்ணுதான். அதான் நல்லா அமைஞ்சுது.”

ஓய்வு பெற்ற நாளில் தொழிற்சாலைக் கூட்டத்தில் அப்பா ‘மெத்தட்’ என்ற சொல்லைப் பற்றியே பேசினார். கிரேக்கத்தில் மெத்தோடோஸ். மெட்டா என்றால் பின்னால், ஹோடோஸ் என்றால் வழி. ஒன்றைத் தேடி, அது போன வழியே பின்தொடர்வது. லத்தீன், பிரெஞ்சு தாண்டி ஆங்கிலத்துக்கு வந்து, ஒழுங்கான செய்முறைக்குப் பெயராகிவிட்டது. கூட்டத்திலிருந்து ரெமிஜியஸ் கத்தினார்: “நாங்க பின்னால வர்றோம் சார், நீங்க எங்க போறீங்கன்னு மொதல்ல சொல்லுங்க!” அப்பாதான் அதிகம் சிரித்தார்.

சனிக்கிழமை லீனா ரெமிஜியஸ் வீட்டுக்குப் போய்ப் போனை நீட்டினாள்.

“ஏன் நின்னீங்க அங்கிள்?”

அவர் பதிவைக் கடைசிவரை பார்த்தார்.

“உங்கப்பாவுக்குக் கண்ணு போயிட்டிருந்துச்சும்மா. க்ளாக்கோமா. பக்கவாட்டுல ஒண்ணும் தெரியாது. ஒனக்குத் தெரிஞ்சா நீ ஒன் ஃப்ளாட்டுக்கு இழுத்துட்டுப் போயிடுவியோன்னு அவருக்குப் பயம். கையைப் பிடிச்சா, ‘நான் என்ன கல்யாணப் பொண்ணாடா’ம்பார். அதுக்கும் மெத்தட் போட்டார். அவர் முன்னால, நான் பத்தடி பின்னால. வண்டி வந்தா இருமணும். அவர் நின்னா நானும் நிக்கணும், கிட்ட வரக்கூடாது. வெளிச்சம் மாறினா கண்ணு பழகறதுக்கு அடிக்கடி நிப்பார்.”

“அன்னைக்கு?”

“அன்னைக்கும் நின்னார். நானும் நின்னேன்.”

“இதை ஏன் மொதல்லயே சொல்லல?”

“ஒன்கிட்ட சொல்லமாட்டேன்னு சத்தியம் வாங்கியிருந்தார்மா.”

நம்பாமலே வீடு திரும்பினாள். பழைய பதிவுகளை வரிசையாக ஓட்டினாள். அப்பா அதே சுவரருகே நிற்கிறார், ரெமிஜியஸ் நிற்கிறார். அப்பா நகர்கிறார், அவரும் நகர்கிறார். சத்தம் பதிவாகவில்லை. ஆனால் ஒவ்வொரு ஆட்டோவும் வருமுன் ரெமிஜியஸின் கை வாய்க்குப் போனது, உடனே அப்பா ஓரம் ஒதுங்கினார். எந்தப் பதிவிலும் இது மாறவில்லை. கோபம் இப்போது அப்பாமேல் வந்தது.

ஞாயிறு காலை கோயிலுக்கு நடந்தாள். பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. பேக்கரிச் சுவரருகே நின்றாள். சத்தமும் நின்றது. திரும்பிப் பார்த்தாள். கையில் பைபிளோடு பத்தடி தள்ளி ரெமிஜியஸ்.

“வாசகம் நீங்கதான் வாசிக்கணும்.”

அவர் தலையாட்டினார். நகரவில்லை.

“கிட்ட வாங்க அங்கிள்.”

இரண்டாம் முறையும் சொல்ல வேண்டியிருந்தது.