சைனம்புவுக்கு ஒரு சவுண்ட் கார்டு

புதுப்பட்டினத்தில் சைனம்பு வீடு எது என்று கேட்டால் இரண்டு விதமாக வழி சொல்வார்கள். பெண்களாக இருந்தால், "நைட்டி விக்கறாங்களே, அந்த வூடா?" என்பார்கள். கொஞ்சம் நெருங்கியவர்கள், "நலங்குக்குப் பாடுமே, அந்த அக்காவா?" என்பார்கள். அவள் புருஷன் நூர்முகமது வீடு என்று யாரும் சொல்வதில்லை. அந்த நூர்முகமது நான்தான். எனக்கு அதில் வருத்தமெல்லாம் கிடையாது. சரி, கொஞ்சம் உண்டு.

கல்யாணத்துக்கு முதல் நாள் பெண்கள் மட்டும் கூடி, மணப்பெண்ணுக்குச் சந்தனம் பூசி நலங்கு வைப்பார்கள். அங்கே சைனம்பு இல்லாமல் ஆகாது. ஒரு பிளாஸ்டிக் பக்கெட்டைக் கவிழ்த்துப் போட்டுத் தட்டிக்கொண்டே பாடுவாள். எல்லாம் அவளே கட்டுகிற பாட்டு. எந்தப் பாட்டானாலும் மூன்று கட்டுதான், கட்டுக்கு நாலு வரி. மூன்றாவது கட்டில் பெண்ணின் பேர் வரும். பேரோடு அவளுடைய சேட்டையும் வரும். யார் பத்தாவதில் கணக்கில் கோட்டை விட்டாள், யார் மாம்பழத்தை ஒளித்து வைத்துத் தின்றாள் என்பதெல்லாம் இவளுக்கு எப்படியோ தெரிந்திருக்கும். கூட்டம் விழுந்து விழுந்து சிரிக்கும். சிரித்து முடிப்பதற்குள் பெண்ணின் தாய் அழத் தொடங்குவாள். அதைப் பார்த்து இவளும் அழுதுவிட்டு வீட்டுக்கு வருவாள்.

அப்படி இருநூறு பெண்களுக்காவது பாடியிருப்பாள். இந்த வருஷம் எங்கள் மகள் மஹீராவுக்கு நிக்காஹ் நிச்சயமானது. மாப்பிள்ளை ஊரப்பாக்கம். நிச்சயம் முடிந்த அன்றே சைனம்பு என்னிடம் வந்து உட்கார்ந்தாள்.

"மச்சான், ஊரான் பொண்ணுக்கே அழுவுறவ நானு. எம் பொண்ணுக்கு எப்டி பாடுவேன்? ரெண்டு வரி தாண்டாது."

"அப்ப வேற யாரையாவது பாடச் சொல்லு."

"செருப்பு பிஞ்சிடும்" என்றாள். பிறகு குரலை இறக்கி, "முன்னாடியே பாடி ரெக்கார்டு பண்ணிடலாம். அன்னிக்கு அத போட்டுவுடு. நீதான் அந்தத் தொழில்ல கீறியே" என்றாள்.

ஆமாம், அதுதான் என் தொழில். தெருவில் தக்காளி ஆட்டோ போகும்போது ஹாரன் ஸ்பீக்கரில், "அம்மா, வாங்கம்மா, கிலோ முப்பது ரூபா" என்று ஒரு குரல் கேட்கிறதல்லவா? மாமல்லபுரத்திலிருந்து சிங்கப்பெருமாள் கோயில் வரை அது பாதிக்குப் பாதி என் குரல். பழைய இரும்பு, உப்பு, கோலமாவு, பிரியாணிக் கடைத் திறப்பு என்று எல்லாம் சொல்வேன். செல்போனில் பேசி, மூச்சு விடுகிற இடத்தையெல்லாம் வெட்டி எறிந்துவிட்டுப் பென்டிரைவில் கொடுத்துவிடுவேன். ஆட்டோ தெருமுனை திரும்புவதற்குள் விலை காதில் விழ வேண்டும், அவ்வளவுதான்.

ஆனால் மகளின் நலங்குக்குச் செல்போன் போதாது என்று எனக்கே தோன்றியது. மஹீரா காலேஜில் வைத்திருந்த பழைய லேப்டாப் இருந்தது. என்னிடம் நல்ல மைக் ஒன்றும் இருந்தது. மைக்கில் விழுவதை லேப்டாப்புக்குள் அனுப்ப நடுவில் ஒரு சவுண்ட் கார்டு வேண்டும். கல்யாணச் செலவுக்கு நடுவில் ஐயாயிரத்துக்கு மேல் ஒரு பைசா கிடையாது என்று சைனம்பு கறாராகச் சொல்லிவிட்டாள்.

செங்கல்பட்டில் பார்த்திபன் கடைக்குப் போனேன். மைக் செட் சாமான் விற்கிறவர், விசேஷங்களுக்கு ஸ்பீக்கர் வாடகைக்கும் விடுகிறவர். அவர் இரண்டை எடுத்து வைத்தார். ஒன்று கையடக்கமான இரும்புப் பெட்டி. இரண்டு திருகு, ஒரு விளக்கு, மைக் சொருக ஓட்டை. நாலாயிரத்துத் தொள்ளாயிரம். இன்னொன்று பிளாஸ்டிக். உடம்பெல்லாம் பொத்தான், கலர் கலராக விளக்கு. ஒன்றை அழுத்தினால் நூறு பேர் கை தட்டினார்கள். இன்னொன்றை அழுத்தினால் கெக்கெக்கே என்று சிரித்தார்கள். இரண்டாயிரத்து இருநூறுதான்.

"வூட்ல பாட்டு எடுக்கணும்னா இந்த இரும்புப் பொட்டிதான் அண்ணாத்த. இத்தினி பொத்தான் உனக்கு இன்னாத்துக்கு?" என்றார் பார்த்திபன்.

எனக்குச் சுருக்கென்றது. இருபது வருஷமாகக் குரல் விற்றுப் பிழைக்கிறவனுக்கு இவர் பாடம் எடுப்பதா? "ரெண்டுலயும் பேசிப் பாத்துட்டுச் சொல்றேன்" என்றேன். அவர் கடைக் கம்ப்யூட்டரில் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொருகி, நாலு வரி பேசிப் பென்டிரைவில் ஏற்றிக்கொண்டேன். வெளியே நின்ற என் லோடு ஆட்டோவில் போட்டு, கூரை மேலிருந்த ஹாரனில் கேட்டேன். எந்த ரெக்கார்டாக இருந்தாலும் அதில் போட்டுக் கேட்டுத்தான் எனக்குப் பழக்கம். அதில் நன்றாக இருந்தால் தெருவிலும் நன்றாக இருக்கும்.

இரும்புப் பெட்டியில் பேசியது அடங்கிய குரலாகக் கேட்டது. பிளாஸ்டிக்கில் பேசியது கணீரென்று ரயில்வே ஸ்டேஷன் வரை போனது. ஜூஸ் கடைக்காரர் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியா? எது நல்லா கீது?" என்றேன்.

"அண்ணாத்த, ஹாரன்ல கேட்டு சவுண்ட் கார்டு வாங்கறவன நான் இப்பதான் பாக்குறேன்" என்றார் பார்த்திபன். அதற்கு மேல் பேசவில்லை. நான் பேச விடவில்லை என்பதே உண்மை. மூக்குக்கு மேல் கோபத்தோடு பிளாஸ்டிக்கை வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வழியெல்லாம் இரண்டாயிரத்து எழுநூறு மிச்சம் பிடித்த பெருமை வேறு.

மஹீரா திருக்கழுக்குன்றத்தில் ஒரு லேபில் வேலை பார்க்கிறாள். அவள் வருவதற்குள் மதியத்தில் பாட்டை எடுத்தோம். முன்னறையில் நாலு பக்கமும் நைட்டி தொங்கும். எதிரொலியே கிடையாது. கல்யாணத்துக்கு இன்னும் பதினைந்து நாள் இருந்ததால் சைனம்புவும் தைரியமாகப் பாடினாள். முதல் கட்டில் வீடு. இரண்டாவதில் மஹீரா சின்ன வயதில் கடற்கரையில் தொலைந்து போய், படகுக்கு அடியில் தூங்கிக்கொண்டு கிடைத்த கதை. மூன்றாவதில்தான் பேர் வரும்.

மஹீரா கண்ணு போய்ட்டு வா கண்ணு
மனச இங்கியே வச்சிட்டுப் போ கண்ணு
ரயிலும் பஸ்ஸுமா ரெண்டு மணி நேரம்
ராவுல பசிச்சா வந்துரு கண்ணு

அந்த இடத்தில் பார்த்து என் முழங்கை பொத்தானில் பட்டுத் தொலைத்தது. கெக்கெக்கே என்று சிரித்தது சவுண்ட் கார்டு. "எம் பொண்ணு போறா, உனுக்கு சிரிப்பா?" என்று சைனம்பு என்னை அடிக்கக் கை ஓங்கினாள். ஓங்கிய கையோடு அவளும் சிரித்துவிட்டாள். அதை மட்டும் திரும்ப எடுத்தோம். ஆட்டோவில் போட்டுக் கேட்டோம். கணீர். பக்கத்துத் தெரு வரை கேட்டுவிடப் போகிறது என்று அவள்தான் பதறி நிறுத்தினாள்.

நலங்கு சனிக்கிழமை. ஸ்பீக்கர் வாடகைக்குச் சொல்ல வியாழக்கிழமை மறுபடி பார்த்திபன் கடைக்குப் போனோம். பென்டிரைவைக் கொடுத்து, "போட்டுப் பாரு, தெரியும்" என்றேன் மிடுக்காக. அவர் பெரிய பாக்ஸ் ஸ்பீக்கரில் போட்டார்.

முதலில் உஸ்ஸ்ஸ் என்று கடாயில் எண்ணெய் காயும் சத்தம். அதற்குள்ளே எங்கேயோ சைனம்பு. அவள் குரலில் இருக்கும் கனம் முழுக்கப் போய், தகரத்தில் ஆணியால் கீறியதுபோல் இருந்தது. பார்த்திபன் ஒரு கட்டோடு நிறுத்திவிட்டார்.

"ஹாரன்ல இதெல்லாம் தெரியாது அண்ணாத்த. அது கனத்தையும் காட்டாது, இந்த இரைச்சலையும் காட்டாது. நடுவுல கத்தறத மட்டும்தான் காட்டும்" என்றார். குத்திக் காட்டவில்லை, பொறுமையாகத்தான் சொன்னார். அதுதான் எனக்கு இன்னும் அவமானமாக இருந்தது. அசடு வழிய நின்றேன்.

சைனம்பு என்னைத் திட்டுவாள் என்று பார்த்தேன். திட்டவில்லை. "இதுவா எங் கொரலு?" என்று மட்டும் கேட்டாள். ஆட்டோவில் அடித்த கணீருக்கு ஆசைப்பட்டு, மகளுக்காக இவள் கட்டிய பாட்டைப் பாழாக்கிவிட்டேன்.

பார்த்திபன் நல்ல மனிதர். பிளாஸ்டிக்கைத் திருப்பி எடுத்துக்கொண்டு, மிச்சப் பணத்தை வாங்கிக்கொண்டு இரும்புப் பெட்டியைக் கொடுத்தார். மறுநாள் வெள்ளிக்கிழமை, ஜும்மா தொழுகை முடிந்து வந்ததும் உட்கார்ந்தோம். வீடு முழுக்க உறவு. மஹீராவைப் பக்கத்து வீட்டில் மருதாணி வைக்க அனுப்பியாயிற்று. முன்னறையைப் பூட்டிக்கொண்டு பாடினாள். ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்டேன். முப்பது வருஷமாகப் பக்கத்தில் கேட்கும் குரல். அதன் அடியில் இப்படி ஒரு கரகரப்பு, இப்படி ஒரு குழைவு இருப்பது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

பழக்க தோஷத்தில் அவள் மூச்சு விடுகிற இடத்தையெல்லாம் வெட்டிவிட்டேன். கேட்டாள். "நான் இன்னா மிஷினா? தக்காளியா விக்கிறேன்? வச்சிரு மூச்ச" என்றாள். திருப்பி வைத்தேன்.

இரண்டு கட்டு அருமையாக வந்தது. மூன்றாவது வரவில்லை. 'மஹீரா கண்ணு' என்று தொடங்குவாள், தொண்டை அடைக்கும். தண்ணீர் குடிப்பாள், மறுபடி தொடங்குவாள், அடைக்கும். இரண்டு வாரத்துக்கு முன்பு தைரியமாகப் பாடியவளுக்கு, மறுநாள் நலங்கு என்னும்போது முடியவில்லை. ஊரப்பாக்கத்துக்குக் கட்டிக்கொடுப்பதற்கே இத்தனை அழுகை என்றால், துபாய்க்குக் கொடுத்திருந்தால் என்ன ஆவாளோ என்று கேலி பேசிப் பார்த்தேன். அதற்கும் அழுதாள். பழைய ரெக்கார்டிலிருந்து மூன்றாவது கட்டை எடுத்து ஒட்டிப் பார்த்தேன். நன்றாகப் போய்க்கொண்டிருந்த பாட்டில் திடீரென்று எண்ணெய் காய ஆரம்பித்தது.

"வுடு மச்சான்" என்றாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு. "ரெண்டு கட்டு போதும். அதோட நிறுத்திடு."

"பேரு வேணாமா?"

"இன்னா பண்றது? வரல." எழுந்து போய் விருந்தாளிகளுக்கு டீ போட ஆரம்பித்துவிட்டாள். ஊரில் எல்லாப் பெண்ணின் பேரையும் பாடியவள், தன் பெண்ணின் பேரை மட்டும் பாடாமல் அனுப்பப் போகிறாள். முதல் நாளே நான் ஒழுங்கான பெட்டியை வாங்கியிருந்தால் மூன்று கட்டும் கையில் இருந்திருக்கும்.

சனிக்கிழமை சாயங்காலம் அசர் தொழுகை முடிந்ததும் நலங்கு. மண்டபத்தில் பெண்கள் மட்டும். நானும் பார்த்திபனும் திரைக்குப் பின்னால் பக்கத்து அறையில் லேப்டாப், இரும்புப் பெட்டி, மைக் எல்லாவற்றோடும் உட்கார்ந்திருந்தோம். எங்களுக்குச் சத்தம் மட்டும்தான். சந்தனம் வைக்கிறார்கள், வளையல் குலுங்குகிறது, யாரோ யாரையோ தள்ளி உட்காரச் சொல்கிறார்கள். "இப்ப போடுங்க" என்று குரல் வந்தது. போட்டேன்.

சைனம்புவின் குரல் மண்டபம் முழுக்க நிறைந்தது. பேச்சு அடங்கிவிட்டது. படகுக்கு அடியில் தூங்கிய கதை வந்தபோது எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும் மீறி மஹீராவின் சிரிப்பு கேட்டது. இரண்டாவது கட்டு முடிந்தது. பாட்டு நின்றது.

யாரும் கை தட்டவில்லை. அவர்கள் காத்திருந்தார்கள். அங்கே உட்கார்ந்திருந்த பாதிப் பெண்கள் சைனம்பு பாடக் கேட்டுக் கல்யாணம் ஆனவர்கள். அடுத்து என்ன வர வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியும். நான் லேப்டாப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன்.

அப்போது மஹீராவின் குரல் கேட்டது.

"ம்மா, எம் பேரு எங்க?"

கிண்டலாகத்தான் தொடங்கினாள். 'எங்க' என்னும்போது குரல் உடைந்துவிட்டது.

திரைக்கு அந்தப் பக்கம் சைனம்பு தொடங்கினாள். மைக் இல்லை, தாளம் இல்லை. மஹீரா கண்ணு, போய்ட்டு வா கண்ணு. இரண்டாவது வரியில் தொண்டை அடைத்தது. நிறுத்தவில்லை. அடைத்த தொண்டையோடே பாடினாள். மூக்கை உறிஞ்சினாள், மேலே பாடினாள். நடுவில் யாரோ கை தட்டித் தாளம் போட, அத்தனை பேரும் போட்டார்கள். நாலு வரியும் முடிந்தது. முடிந்த பிறகும் விடாமல், மகளின் பேரை மட்டும் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டே இருந்தாள். இனி ஒருமுறை சொல்லக் கிடைக்காதோ என்பதுபோல் பாடினாள்.

பார்த்திபன் என் தோளைத் தொட்டார். "அண்ணாத்த, மைக்கு, பொட்டி எல்லாம் இங்கதான கீது. ரெக்கார்டு போட்டிருக்கலாமே?"

போட்டிருக்கலாம். ஐயாயிரம் ரூபாய்ப் பெட்டி விளக்கு எரிய என் முன்னால்தான் இருந்தது. தோன்றவே இல்லை. நான் திரைத்துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவள் பாடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.