பெட்டி பேசினால் பஜ்ஜி

1. புகார்

"ஏனுங்க மேடம், உங்க பெட்டி குரங்கைக் கூப்பிடுதுங்க."

கைபேசியில் வந்த இந்தப் புகாரை எந்தத் தலைப்பில் பதிவு செய்வது என்று எனக்குத் தெரியவில்லை. எங்கள் நிறுவனச் செயலியில் நான்கு தலைப்புகள்தான் உண்டு: கருவிப் பழுது, சிக்னல் இல்லை, பணம் தாமதம், மற்றவை. 'மற்றவை'யை அழுத்திவிட்டு ஊட்டியில் கூடலூர் பஸ் ஏறினேன்.

கடைகளுக்கு ஏற்ற பேமென்ட் முறையைத் தேர்ந்தெடுத்துப் பொருத்துவது என் வேலை. மின்னணுவியல் படித்த பழக்கத்தில், கடைக்குள் நுழைந்ததும் கேள்விப் பட்டியலை எடுத்துவிடுவேன். ஒரு பில் சராசரியாக எவ்வளவு? வாடிக்கையாளர் உட்காருபவரா, நின்றபடியே வாங்கிப் போகிறவரா? சிக்னல் எந்த மூலையில் கிடைக்கிறது? பணம் வந்ததை யார் பார்க்கிறார்கள்?

பதிலைப் பொறுத்துக் கருவி மாறும். குன்னூர் ஹோம்ஸ்டேயில் ஸ்வைப் மெஷின்மேல் தூசிதான் படியும். அறை பதிவு செய்கிறவர் சென்னையில் இருக்கிறார், அவருக்கு முன்பணம் கட்ட லிங்க் அனுப்ப வேண்டும். ஊட்டி ஸ்வெட்டர் கடையில் குடும்பத்தோடு வந்து மொத்தமாக வாங்குவார்கள், அங்கே கார்டு மெஷின் அவசியம். தேவாலா மளிகைக்கடையில் எஸ்டேட் சம்பள நாளில்தான் கூட்டம். மாத வாடகை கேட்கும் மெஷினைக் கடைக்காரர் தலையில் கட்டக் கூடாது. க்யூஆர் அட்டை ஒன்று போதும்.

புகார் சொன்ன செல்வி அக்கா நடுவட்டத்தில் நடத்துவது ரோட்டோர டீக்கடை. சுற்றுலா வேன்கள் நிற்கும், எல்லோரும் ஒரே நேரத்தில் பஜ்ஜி கேட்பார்கள். சிலர் "பணம் போயிடுச்சு" என்று போனைக் காட்டிவிட்டு ஏறிவிடுவார்கள், பணம் வந்திருக்காது. அதனால் க்யூஆர் அட்டையோடு, வரவை உரக்கச் சொல்லும் சவுண்ட் பாக்ஸையும் பொருத்தினேன். கூடவே ஒரு விதியும் சொல்லிக்கொடுத்தேன்: பெட்டி பேசிய பிறகுதான் பொட்டலம் கையை விட்டுப் போக வேண்டும். அக்கா அந்த விதியை ஒருமுறைகூட மீறவில்லை.

சிக்கல் அங்கேதான் தொடங்கியது.

2. நேரில் பார்த்தது

கோயம்புத்தூர் வேன் ஒன்று வந்து நின்றது. ஒருவர் ஸ்கேன் செய்தார். "நாற்பது ரூபாய் பெறப்பட்டது" என்றது பெட்டி. அக்கா பொட்டலத்தை நீட்டினார். அவர் கை பொட்டலத்தைத் தொடுவதற்குள் கூரையிலிருந்து ஒரு குரங்கு இறங்கி, வாங்கிக்கொண்டு, ஏறிவிட்டது. எந்த அவசரமும் இல்லை. ரசீது மட்டும்தான் கேட்கவில்லை.

"அதுதானுங்க மேனேஜர்" என்றார் அக்கா. "முன்னெல்லாம் நாள் பூரா இங்கயே சுத்திட்டுக் கெடக்கும். இப்ப பெட்டி பேசுனா மட்டும் எறங்குது."

வேன் டிரைவர் மூர்த்தி அண்ணன் டீ டம்ளரை வைத்தார். இந்த ரோட்டில் வேன் எங்கே நிற்கும் என்பதை டிரைவர்தான் முடிவு செய்வார். அவருக்கு டீ எப்போதும் இலவசம். மூர்த்தி அண்ணன் நிறுத்தும் இடத்தில்தான் மற்ற வேன்களும் நிற்கும்.

"அக்கா, பாசஞ்சர் எல்லாம் என்னையத் திட்டறாங்க. குரங்குகிட்ட கமிஷன் வாங்கறயான்னு கேக்கறாங்க. இன்னைக்கு ஒரு நாள் பாப்பேன். நாளைக்கும் இப்படின்னா வண்டி எதிர்க்கடையிலதான் நிக்கும்."

அக்கா என்னைப் பார்த்தார். "பெட்டி வந்தா ஏவாரம் பெருகும்னீங்க. பெருகிடுச்சுங்க. கஸ்டமரு யாருன்னுதான் சொல்லல."

3. முயற்சிகள்

முதலில் ஒலியைக் குறைத்தேன். லாரி ஹாரனில் அக்காவுக்குக் கேட்கவில்லை, மேனேஜருக்குக் கேட்டது.

அடுத்து பெட்டியின் மொழியை மலையாளத்துக்கு மாற்றினேன். மேனேஜர் தலையைச் சாய்த்து ஒரு கணம் யோசித்தது. பிறகு இறங்கி வந்து பொட்டலத்தை வாங்கிக்கொண்டது.

"கூடலூர் ரோட்டுக் குரங்குங்க அது. மலையாளம் தெரியாமலா இருக்கும்?" என்றார் மூர்த்தி அண்ணன்.

நான் பெஞ்சில் உட்கார்ந்து யோசித்தேன். மேனேஜர் கேட்பது மொழியை அல்ல. பெட்டி பேசினால் வெளியே பொட்டலம் வரும் என்பதைத்தான் அது தெரிந்துவைத்திருக்கிறது. இரண்டையும் பிரித்துவிட்டால் போதும். வெளியில் பணம், கடையின் உள்பக்கம் ஏற்கெனவே அடித்திருந்த கம்பி வலைக்கு உள்ளே பஜ்ஜி. பழைய பாடத்தை மறக்கடிக்க, சும்மாவே பெட்டியைப் பேசவைக்க வேண்டும்.

பெட்டியைத் தமிழுக்குத் திருப்பிவிட்டு என் போனிலிருந்து அக்கா கடைக்கு ஒரு ரூபாய் அனுப்பினேன். "ஒரு ரூபாய் பெறப்பட்டது." மேனேஜர் இறங்கியது. பொட்டலம் இல்லை. ஏறியது. மறுபடி ஒரு ரூபாய். மறுபடி இறங்கியது. பணம் கணக்கில் ஏறாத வியாபாரியின் முகத்தோடு என்னைப் பார்த்தது. ஒரு நாளைக்கு இத்தனை முறைதான் பணம் அனுப்பலாம் என்ற வரம்பு என் போனில் தீர்ந்தது. மூர்த்தி அண்ணன் தன் போனை எடுத்தார்.

"நம்ம பங்குக்கும் போடறேன். இந்தா மேனேஜர், வாங்கிக்க!"

அவருடைய வரம்பு தீரும் முன்பே மேனேஜர் சலித்துப்போய், பெட்டிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து பேன் பார்க்கத் தொடங்கியது. அக்கா கை தட்டினார்.

அப்போது வேனிலிருந்து இன்னொருவர் வந்து ஸ்கேன் செய்தார். பணம் போகவில்லை, பெட்டியும் பேசவில்லை. பெட்டி பேசாததால் அக்கா பஜ்ஜி கொடுக்கவில்லை. என் போன் ஒலித்தது. தலைமை அலுவலகத்தில் ரிஸ்க் பிரிவு அதிகாரி.

"மேடம், நடுவட்டம் கடைக் கணக்கை நிறுத்தி வச்சிருக்கோம். ரெண்டே போன்ல இருந்து ஒரு ரூபாய் ஒரு ரூபாயா அனுப்பிட்டே இருக்காங்க. பெரிய மோசடிக்கு முன்னாடி இப்படித்தான் டெஸ்ட் பண்ணுவாங்க. அது யாருன்னு கண்டுபிடிக்க முடியுமா?"

"நான்தான் சார்."

"நீங்களா? எதுக்கு?"

"குரங்குக்கு டிரெய்னிங் சார்."

"பணம் குரங்குக்கா போகுது?"

"இல்ல சார், கடைக்குத்தான். குரங்குக்கு எதுவும் போகக் கூடாதுங்கறதுதான் டிரெய்னிங்."

பின்னால் நின்ற அக்கா குரலை உயர்த்தினார். "அந்தச் சார்கிட்டச் சொல்லுங்க, எண்ணெய் காஞ்சிட்டிருக்குதுங்க! வேனு கெளம்பிட்டா அவரா வந்து பஜ்ஜி திம்பாரு?"

அதிகாரிக்கு வீடியோ அழைப்பில் மேனேஜரைக் காட்டினேன். நீண்ட நேரம் பார்த்தார். "கணக்கைத் திறந்துடறேன். காரணம்னு என்ன எழுத?"

"மற்றவை சார்."

பெட்டி பேசியது: "அறுபது ரூபாய் பெறப்பட்டது." எல்லோரும் கூரையைப் பார்த்தோம். மேனேஜர் திரும்பவில்லை. பயணி வலைக்குள் போய், சூடான பஜ்ஜியோடு முழுசாக வெளியே வந்தார். மூர்த்தி அண்ணன் இன்னொரு டீ கேட்டார். நாளைக்கும் இங்கேதான் நிற்பார் என்று அக்காவுக்குப் புரிந்தது. அவர் கேட்காமலே டம்ளரோடு ஒரு பஜ்ஜியும் வந்தது.

4. பட்டியலில் சேர்ந்தது

இந்த வேலைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு என் பட்டியலைக் கொடுக்கும்போது கடைசியில் ஒரு கேள்வியைச் சேர்த்துக் கொடுக்கிறேன்: பணம் வந்த நொடிக்கும் பொருள் கைமாறும் நொடிக்கும் நடுவில் யார் நிற்கிறார்கள்? பெரும்பாலும் யாரும் இருக்க மாட்டார்கள். இருந்தாலும் பார்த்துவிட வேண்டும்.

அடுத்த முறை நடுவட்டம் போனபோது எதிர்க்கடைக்காரர் கூப்பிட்டார். அவர் கடையில் ரொக்கம் மட்டும்தான். கல்லாவைத் திறந்தால் மணி அடிக்கும்.

"ஏனுங்க மேடம், சத்தமே போடாத மெஷின் ஏதாச்சும் உங்ககிட்ட இருக்குதுங்களா?"

நான் கேட்லாக்கைத் திறக்கவில்லை. முதலில் அவர் கூரையைப் பார்த்தேன். மேனேஜர் கல்லாவைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தது.