முதல் பாதி மட்டும் அகலமான தரைப்பாலம்

போன நவம்பரில் ஒரகடத்துக்கு வேலை கேட்டுப் போனேன். நேர்முகத் தேர்வு மூன்று மணிக்கு. குன்றத்தூரில் பதினொன்றரைக்குப் பேருந்து ஏறி, ஸ்ரீபெரும்புதூரில் 12.50-க்கு ஷேர் ஆட்டோ பிடித்தேன். நாற்பது ரூபாய்.

மழையில் நெடுஞ்சாலை அடைத்துக்கொண்டது. ஓட்டுநர் பாபு தன் ஊர் வழியாகத் திருப்பினார். அங்கே ஹாஸ்டல் வாசலில் இசக்கியம்மாள் ஏறினார். தென்காசிப் பெண், கார் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி, இரண்டு மணிக்கு ஷிப்ட். "ரெண்டு தடவ லேட்டாயிட்டு. இன்னைக்கும் ஆச்சுன்னா லைன்ல வேற ஆளப் போட்டுருவாவ," என்றார்.

1.25-க்குத் தரைப்பாலம். ஏரியின் உபரிநீர் அதன்மேல் அரை முழங்கால் ஆழத்துக்கு ஓடியது. விளிம்பு தெரிய ஊர்க்காரர்கள் மூங்கில் நட்டு சிமென்ட் சாக்கு கட்டியிருந்தார்கள், பாலத்தின் பாதிவரை மட்டும். மீதிப் பாதி அடுத்த ஊராட்சிக்குச் சொந்தம்.

பாபு மூங்கிலை ஒட்டியே ஓட்டினார். மூங்கில் முடிந்த பிறகும் அதே கோட்டில் போனார். இடது பின்சக்கரம் விளிம்பைத் தாண்டி இறங்கியது.

"யாரும் எயிந்திருக்காத. வலது பக்கம் சாயி," என்றார் பாபு.

கூடப் பயணித்த எதிர்க்கரை ஊர்க்காரர் ஒருவர் ஆட்டோக் கம்பியைப் பிடித்தபடியே பாபுவைக் கேட்டார்: "உங்க ஊரு பாதிய மட்டும் ரெண்டடி அகலம் பண்ணிக்கினீங்களே, இப்ப இன்னா ஆச்சு?"

"எங்க பஞ்சாயத்துக்கு நிதி வந்துச்சு, போட்டோம். உங்களுக்கு ஏன் வரலன்னு உங்க தலைவர கேளுய்யா. மழைக்கு முன்னதான் போட்டாங்க, எனக்கு இன்னும் கை பழகல," என்றார் பாபு.

நாங்கள் நால்வரும் வலப்புறம் இறங்கி வண்டியைப் பிடித்து இழுத்து நின்றோம். தண்ணீர் இடப்பக்கம் தள்ளியது. மணி 1.34.

"நீ நடம்மா, கம்பெனி கேட்டு ரெண்டு கிலோமீட்டர்தான்," என்றார் பாபு.

"நான் விட்டா சரிஞ்சிரும்லா, அண்ணே."

கரையிலிருந்து கயிறு வந்து வண்டி மேலேறியபோது 1.54. தொழிற்சாலை வாசலை 2.06-க்கு அடைந்தோம். காவலாளி இசக்கியம்மாளின் அடையாள அட்டையை வாங்கிக்கொண்டு, "நாளைக்கு ஏஜெண்ட்ட பாரு," என்றார். பாலத்தைப் பற்றி இசக்கியம்மாள் சொன்னதை யாரும் கேட்கவில்லை.

கார்களை ஏற்றிப் போகும் லாரிகளுக்கு ஆறு வழிச் சாலை, விளக்கு, நடுவில் பூச்செடி. அந்தக் கார்களைச் செய்பவர்கள் வரும் வழியில் பாதிப் பாலத்துக்குத்தான் நிதி. மீதிக்கு யார் பொறுப்பு என்று கேட்டால், ஊராட்சி ஏரியைப் பார்க்கும் நீர்வளத் துறையைக் காட்டுகிறது, நீர்வளத் துறை ஊராட்சியைக் காட்டுகிறது.

நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு: மழைநாளில் இரண்டு மணி நேரம் முன்னதாகக் கிளம்பி நெடுஞ்சாலையிலேயே போங்கள். குறுக்குவழிதான் என்றால், மூங்கில் முடியும் இடத்தில் ஒருவர் இறங்கி முன்னால் நடக்கட்டும். வண்டி சரிந்தால் கூட வருகிறவர்கள் தாங்கிப் பிடிப்பார்கள், அதில் சந்தேகமில்லை. அப்படிப் பிடித்து நிற்பதால் யாருடைய வேலை போகும் என்பதை ஏறும்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.